வீடும் அயலும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். "வீட்டை வாங்கிப் பார்" என்று அவர்கள் சொல்லவில்லை. பிறந்த வீடு, புகுந்த வீடு என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வீடு ஒன்று அக்காலத்தில் மிகப் பலருக்குத் தேவைப்படவில்லை. இன்றோ உத்தியோகம் ஓரிடம், பிள்ளைகளின் படிப்பு வேறிடம், முதுமை மற்றோரிடம் என்றாகிவிட்டது. வீடு வாங்குவதும் விற்பதும் எல்லாக் குடும்பங்களையும் ஒருநாள் தேடி வருகின்ற கருமங்களாகிவிட்டன. அக்கருமத்தில் நாம் அண்மையிற் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை இக்கிழமை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். நாம் இழைக்கவிருந்த பிழையும் அதில் அடங்கியிருக்கிறது.

நம் இல்லத்தரசியின் தம்பியார் இங்கிலாந்தில் வாழ்பவர். பல்லாண்டுகள் இலண்டன் மாநகரத்தின் இரைச்சலில் உழைத்து ஓய்வு பெற்றபின், கேம்பிறிட்ஜ் நகருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வீடு வாங்க முடிவு செய்தார். ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, தபாற்கந்தோரையும் தன்னுள் அடக்கிய ஒரு கடை, பிள்ளைகள் பந்தாடும் ஒரு புற்றரை, இவ்வளவுதான் அந்த ஊர். வீடு வாங்கும் படலத்தை அவர் நமக்கு ஒரு நீண்ட கடிதத்தில் எழுதியிருந்தார். நேயர்களுக்கு, சிறப்பாக மாணவ நண்பர்களுக்கு, அது சுவையாக இருக்கும் ஆதலின் சுருக்கித் தருகின்றோம்.

"அத்தான், இங்கே விலை பேசி முடித்தவுடன் வீடு நம்முடையதாகிவிடுவதில்லை. எழுத்திலான ஒப்பந்தம் இரு தரப்பிலும் கைமாறும்வரை வாங்குபவரும் விலகலாம், விற்பவரும் விலகலாம். அதற்கு முன்னர் ஓர் அளவையாளர் வந்து சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, கூரை மரம் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். வழக்கறிஞர் ஒருவர் உள்ளூராட்சிச் சபைக்கு எழுதி, வீதி யாருடையது, கழிவுநீர் எவ்வழி போகிறது, வெள்ளம் வருமா, தோட்டத்தின் ஊடாக ஊரார் நடந்து செல்லும் பாதையுரிமை உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார். எல்லாவற்றிலும் என்னை வியப்பில் ஆழ்த்தியது ஒன்று. விற்பவர் நிரப்பிக் கொடுக்கும் வினாப்பத்திரத்தில், அயலவரோடு ஏதேனும் பிணக்கு உண்டா என்றொரு கேள்வி இருக்கிறது. மறைத்துப் பொய் சொன்னால் பின்னர் வழக்குக்கு ஆளாக நேரும். அயல் எப்படி என்று சட்டத்தரணி கேட்கும் நாடு இது!"

இவ்வாறு எழுதியவர், கடிதத்தின் இறுதியில் நான்கே வரிகளில் வேறொரு விடயத்தைச் சொல்லியிருந்தார். கையிருப்புச் சற்றுப் போதவில்லை. தம்பலகாமத்துக் காணி சும்மாதானே கிடக்கிறது. அதில் தமக்குள்ள பாதியை விற்று அனுப்ப இயலுமா என்பதே அது.

அக்காணியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியே ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தென்மேற்கே இருப்பது தம்பலகாமம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் அதன் செல்வம். ஆதிகோணநாயகர் ஆலயம் அதன் பெருமை. திருகோணமலைக் குன்றிலிருந்த கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தபோது, அடியார்கள் மறைத்துக் காத்த திருவுருவங்கள் பின்னர் இங்கே கோயில் கொண்டன என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தம் ஊர் இழந்த தெய்வத்துக்கே அயலூர் இடங்கொடுத்தது என்று இதனை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் உருகுகின்றது.

இவ்வூரின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. கடல்போல் விரிந்த வயல்வெளியினிடையே தீவுகள்போல் ஆங்காங்கே மேட்டு நிலங்கள். அம்மேடுகளிலேதான் வீடும் தென்னையும் கிணறும் கோயிலும். நாயன்மார்திடல், பட்டிமேடு, கள்ளிமேடு என்று வழங்கும் பெயர்களே இதற்குச் சான்று. திடல், மேடு என்னும் சொற்கள் வெறும் அலங்காரமல்ல. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு மழை கொட்டும் நாட்டில், எங்கே குடியிருக்கலாம், எங்கே நெல் விதைக்கலாம் என்று முன்னோர் எழுதி வைத்த சட்டம் அது.

நம் மாமனாரின் வீடு அத்தகைய திடல் ஒன்றிலிருந்தது. 1990ஆம் ஆண்டில் ஊர் கலைந்தபோது அவர்கள் குடும்பத்தோடு திருகோணமலை நகருக்கு வந்தனர். என்றேனும் திரும்பிப் போவோம் என்று மாமனார் சொல்லிக்கொண்டேயிருந்தார். 1998ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் தம்பலகாமத்திலே தமிழ்ப் பொதுமக்கள் எண்மர் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அன்றிலிருந்து அவர் அப்பேச்சை எடுக்கவில்லை. மரணசாசனம் எதுவும் எழுதாமலே அவர் கண்மூடினார், மாமியாரும் பின்தொடர்ந்தார். ஆகவே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி மக்கள் இருவருக்கும் சரிபாதியாயிற்று. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு அதிலே இல்லை.

கடிதம் வந்த மறு கிழமையே, யார் சொல்லி அறிந்தாரோ, தரகர் ஒருவர் நம் வாசலில் வந்து நின்றார். பாதியென்ன, முழுக் காணியையும் வாங்குவதற்குத் தம்மிடம் ஆள் இருக்கிறது என்றார். அவர் சொன்ன விலை, நாம் எதிர்பார்த்ததிலும் மூன்றிலொரு பங்கு அதிகம். உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளின் பல்கலைக்கழகச் செலவை எண்ணி இரவெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடப்பவர் நாம். நம் கை முற்பணத்தை வாங்குவதற்குத் தானாகவே நீண்டது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றோம். நம் இல்லத்தரசிதான், "காணியை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் காசை வாங்குவதா?" என்று தடுத்தார். தரகர் ஒரு கிழமை தவணை தந்து சென்றார்.

மார்கழி மாதத்தில் ஒருநாட் காலை, குடையும் கையுமாக நாம் மூவரும் தம்பலகாமத்தில் இறங்கினோம். முந்திய நாளெல்லாம் மழை. வரம்புகள் தெரியாமல் வெள்ளம் நின்றது. நடுவே திடல்கள் மட்டும் பச்சைப் பசேலென்று தலைதூக்கி நின்றன. மாமனாரின் வீட்டில் எஞ்சியிருந்தது அத்திவாரமும் ஒரு பக்கச் சுவரும். ஆனால் காணி காடாகக் கிடக்கும் என்று எண்ணிச் சென்ற நமக்கு வியப்புக் காத்திருந்தது. வேலி செப்பமாக அடைக்கப்பட்டிருந்தது. தென்னையடிகள் துப்புரவாக இருந்தன. இரு காணிகளுக்கும் நடுவெல்லையிலிருந்த கிணற்றிலே பாசியில்லை; துலாவுக்குப் பதிலாகக் கப்பியும் கயிறும் போடப்பட்டிருந்தன.

அயல் வீட்டு ஆச்சி வந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. அகதி முகாமில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அன்று முதல் அங்கேயே இருப்பவர். நம் இல்லத்தரசியை அடையாளம் கண்டதும் கன்னத்தைத் தடவி, "தகப்பனின் முகம் அப்படியே இருக்கிறது பிள்ளை" என்றார். பின்பு உள்ளே சென்று பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். விழுந்த தேங்காய் இத்தனை, விற்ற பணம் இவ்வளவு, கிணறு இறைத்த கூலி இவ்வளவு, வேலிக் கதியாலுக்கு இவ்வளவு என்று ஆண்டுவாரியாக அதிற் கணக்கு எழுதப்பட்டிருந்தது. முதற் பக்கங்களில் எழுத்து ஆச்சியின் மகனுடையது, பிற்பக்கங்களில் பேத்தியுடையது. மகன் இப்போது இல்லை. பேத்தி அவ்வூர்ப் பாடசாலையில் ஆசிரியை.

"உங்கள் காணி, உங்கள் கணக்கு. ஆரும் வந்து கேட்பீர்கள் என்றுதான் எழுதி வைத்தது" என்றார் ஆச்சி. நாம் வாயடைத்து நின்றோம்.

விற்கும் எண்ணத்தை மெல்லச் சொன்னோம். ஆச்சி நம்மைக் காணியின் தாழ்ந்த பக்கத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே திடலின் நீரெல்லாம் ஓடி வயலில் இறங்கும் ஓர் ஒடுக்கமான தரவை இருந்தது. "தரகர் முன்பே ஆட்களோடு வந்து பார்த்தவர் தம்பி. இதைக் கிரவல் போட்டு உயர்த்தி, வயல் துண்டையும் நிரப்பி, பண்டகசாலை கட்டுவதாகக் கதை. நிரப்பினால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டுத் தம் வீட்டுச் சுவரைக் காட்டினார். நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் மங்கலான ஒரு கோடு. 2011ஆம் ஆண்டு தை மாதம் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளத்தின் அடையாளம் அது. வடிகால் திறந்திருந்தபோதே அவ்வளவு. அடைத்துவிட்டால்?

வெள்ளத்தின் நினைவு இப்பகுதி மக்களுக்கு இலேசானதன்று. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊட்டுகின்ற குளமே ஒருநாள் அழிக்கவும் கூடும் என்பதைக் கண்டவர்கள், நீரின் வழியை மறிப்பதை விளையாட்டாகக் கொள்ளமாட்டார்கள். சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அதிகாரம் பெற்றவரின் எழுத்து அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும்.

வீடு திரும்பியபின் அடுத்த வேலையாகத் திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குச் சென்றோம். மாமனாரின் உறுதி 1990ஆம் ஆண்டு வீட்டோடு போய்விட்டது. உறுதி போனால் காணியும் போயிற்று என்று நம்மிற் பலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் வேண்டியதில்லை. நொத்தாரிசு ஒருவர் உறுதி முடித்தால் அதன் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் அவர் கடமை. உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும், அன்றிக் காணியின் பதிவேட்டுப் பக்கமும் தெரிந்தால், அப்பிரதியைத் தேடி உறுதிப்படுத்திய நகல் பெறலாம். பழைய தீர்வைத் துண்டு ஒன்றிலிருந்து நாம் தடம் பிடித்துத் தேடினோம். மூன்றாம் நாள் நகல் கிடைத்தது.

அதனை வாசித்தபோது நம் இல்லத்தரசியின் கண்கள் கலங்கின. காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை எல்லாம் சொல்லியபின், "கிணற்றிற் பாதிப் பங்கும், வழி வாய்க்காற் பாத்தியமும்" என்று அதிலே எழுதப்பட்டிருந்தது. மறுபாதி ஆச்சி வீட்டாருடையது. வாய்க்கால் என்றது அந்த வடிகாலைத்தான். தரகர் நம்மிடம் விலை பேசியது நிலத்துக்கு. உறுதி சொல்வதோ நிலத்தை மட்டுமன்று. பக்கத்து வீட்டோடு கூட்டாக அனுபவிக்கும் நீரையும் வழியையும் சேர்த்தே.

சட்டந் தெரிந்த நண்பர் ஒருவரிடம் நகலைக் காட்டினோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "இத்தனை காலம் காணியை யார் வைத்திருந்தார்கள்?" என்பது. காரணத்தை அவரே விளக்கினார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைத் தமதென்று உரிமை பாராட்டிப் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டவர், ஆட்சியுரிமை கோரி வழக்காடலாம். போரினால் இடம்பெயர்ந்தோர் இச்சட்டத்தால் நசுங்கிப் போகாதிருக்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதலாம் நாள் தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அப்பத்தாண்டுக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு அது வகைசெய்தது. ஆயினும் அந்த நிவாரணத்தைத் தேடுவதற்கு வைத்திருந்த தவணை இப்போது கடந்துவிட்டது. "உங்கள் ஆச்சி நினைத்திருந்தால், கொப்பியில் கணக்கு எழுதுவதற்குப் பதிலாக நீதிமன்றத்துக்கு மனு எழுதியிருக்கலாம். காணியை மீட்பதற்கு நீங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்திருப்பீர்கள்" என்றார் நண்பர்.

பிறருக்காகப் பாதுகாக்கிறோம் என்ற எண்ணத்தோடு வைத்திருப்பவர்க்கு ஆட்சியுரிமை பிறவாது என்பதும் சட்டமே. அந்த எண்ணத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டால், இருக்கும் ஒரே சான்று ஆச்சியின் கையிலுள்ள அந்தக் கொப்பி. நம் உரிமையின் பத்திரம் பதிவகத்தில் இருந்தது. அதன் உயிர் அயல் வீட்டில் இருந்தது.

அன்றிரவு உணவின்போது இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில், வரலாறு கற்கும் மகள் தன் பாடத்திலிருந்து ஒரு செய்தி சொன்னாள். 1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிட நம் திருகோணமலைப் பகுதியின் கொட்டியாரக் குடாவுக்கு வந்து, கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் என்பவரை நேயர்கள் அறிவர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் கண்டி நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். அங்கே எலதெத்த என்னும் ஊரில் அவர் ஒரு சிறு காணி வாங்கினார். விலை 25 லாரின். கொக்கி போல் வளைந்த வெள்ளிக் காசு அது. மலிவு என்று அவர் பாய்ந்து வாங்கிவிடவில்லை. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று அதிகாரியிடமும் அயலாரிடமும் விசாரித்தறிந்தார். பின்னர் ஊர்ப் பெரியோர் ஏழெட்டுப் பேர் சாட்சி நிற்க ஓலையில் உறுதி எழுதுவித்து, அதைக் கையில் வாங்கியபின்னரே பணத்தைக் கொடுத்தார். 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் அவரே இதை விவரிக்கிறார்.

"மாமா இங்கிலாந்துக் கிராமத்தில் செய்ததை, இங்கிலாந்துக்காரர் நம் நாட்டுக் கிராமத்தில் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே செய்திருக்கிறார் அப்பா" என்று அவள் சிரித்தாள். நாம் சிரிக்கவில்லை. சிறைப்பட்டிருந்த அந்நியன் ஒருவன் செய்த விசாரணையைச் சொந்த ஊர்க் காணிக்குச் செய்யாமல் முற்பணத்துக்குக் கை நீட்டியவர் நாம் அல்லவா?

இன்றைக்கு நொக்ஸின் ஏழெட்டுச் சாட்சிகள் இரண்டாகக் குறைந்திருக்கின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையாகக் கையொப்பமிடப்படல் வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் காணி கைமாறக்கூடாது என்னும் இக்கொள்கையின் மூலம், 1677ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட மோசடித் தடைச் சட்டமாகும். ஆனால் சாட்சிகள் குறைந்ததோடு வேறொன்றும் குறைந்துவிட்டது. அன்று சாட்சி நின்றவர்கள் வாங்குபவரின் அயலார். காணியின் கதை அவர்களுக்குத் தெரியும். இன்று சாட்சி வைப்பவர்கள் பெரும்பாலும் கந்தோரில் அகப்படுகின்ற எழுதுவினைஞர்கள். கையொப்பம் தம்முடையது என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

மைத்துனருக்கு எல்லாவற்றையும் எழுதினோம். ஆச்சியின் பேத்தி தானே அக்காணியை வாங்க விரும்புவதையும் மறைக்காமல் எழுதினோம். ஆசிரியைச் சம்பளத்தில் அவளாற் கொடுக்க இயன்றது, தரகர் சொன்னதில் ஏறக்குறைய அரைப்பங்கு. அதுவும் வங்கிக் கடன் எடுத்து. முடிவை அவரிடமே விட்டோம். பணம் தேவைப்பட்டவர் அவர். நமக்கும் அத்தேவை இல்லாமலில்லை.

பத்து நாட்களில் மறுமொழி வந்தது. தாம் வாங்கும் ஊரைப் பற்றி அதில் மேலும் எழுதியிருந்தார். அவ்வூரின் அழகான வீடுகள் சில, ஆண்டிற் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றனவாம். நகரத்துச் செல்வர்கள் விடுமுறைக்கென்று வாங்கி வைத்தவை. அதனால் விலை ஏறி, அவ்வூரிற் பிறந்த இளைஞர்களுக்கே அங்கே வீடில்லை. இங்கிலாந்தில் இது பெரிய விவாதம். கோர்ண்வோல் பகுதியின் சென் ஐவ்ஸ் என்னும் கடற்கரையூரில் 2016ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் ஆண்டு முழுதும் அங்கேயே குடியிருப்போருக்கு மட்டும் என்று விதி செய்தனர்.

"அத்தான், பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளைப் பார்த்துக் கோபப்பட்டேன். பிறகுதான் தம்பலகாமத்தில் பூட்டக்கூட வீடில்லாமல் நான் ஒரு காணியை வைத்திருப்பது ஞாபகம் வந்தது. இங்கே வினாப்பத்திரத்தில் அயலவர் பிணக்கு உண்டா என்று கேட்டார்கள். என் பத்திரத்தை யாராவது கேட்டால், அயலவர் முப்பது வருடம் என் வேலியை அடைத்தார், நான் அவர் வாசலில் வெள்ளத்தை விட்டேன் என்றா எழுதுவது? பேத்திக்கே எழுதிக் கொடுங்கள். மிகுதிப் பணத்துக்கு இங்கே ஓர் அறை குறைந்த வீடாகப் பார்க்கிறேன்" என்று முடித்திருந்தார்.

நம் இல்லத்தரசி தம் பாதியை விற்கவில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து காணியை இரண்டாகப் பிரித்து வரைபடம் எடுத்தார். பங்காளர் இருவரும் பிரிவினை உறுதி முடித்தபின், தம்பியாரின் பங்கு பேத்தியின் பெயருக்கு மாறியது. அவர் அனுப்பிய தத்துவப் பத்திரத்தின்படி நாமே அவருக்காகக் கையொப்பமிட்டோம். உறுதியை நொத்தாரிசு வாசித்துக் காட்டியபோது, வடிகாலை எவரும் அடைக்கலாகாது என்ற வாசகத்தைச் சேர்க்கும்படி பேத்தி கேட்டாள். கிணற்றில் தனக்குரிய பங்கைத் தன் பாதியோடு சேர்த்து எழுதும்படி நம் இல்லத்தரசி கேட்டார். தரகரின் விலை கைவிட்டுப் போனதில் நமக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். மகளின் படிப்புச் செலவை எண்ணி நாம் இன்னும் கூரையைப் பார்த்தே கிடக்கின்றோம். ஆனால் அக்கூரையின் கீழ் உறக்கம் வருகின்றது.

இனி, வீடோ காணியோ வாங்க நினைக்கும் நேயர்களுக்கு இந்த அனுபவத்தால் நாம் சொல்லக்கூடியவை சில உள.

மழை காலத்தில் ஒருமுறையேனும் சென்று காணியைப் பாருங்கள். கோடையில் எல்லாக் காணியும் மேட்டுக்காணியாகவே தோன்றும். மார்கழிதான் உண்மையைச் சொல்லும். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதை நினைவில் வைத்து, சொல்லப்பட்ட பரப்பையும் வரைபடத்திலுள்ள பரப்பையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, அது உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய காணியை, உறுதிக் காணியைப் போல நினைத்தபடி விற்கவும் வாங்கவும் முடியாது. அத்தகைய காணி வாரிசுக்குச் செல்லும்போது ஆண்மக்களுக்கு முதலிடம் கொடுத்திருந்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது என்பதைப் பெண்மக்களைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

பதிவேட்டில் முப்பது ஆண்டுகளுக்கேனும் பின்னோக்கித் தேடுவியுங்கள். நம் நாட்டின் பெரும்பகுதியில் பதிவகம் பதிவது உறுதியை. விற்றவரின் உரிமைக்கு அது பிணை நிற்பதில்லை. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு தொடங்கிய காணிப் பதிவகம் உரிமையையே பதிந்து உத்தரவாதம் தருகின்றது. நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய உரிமைப் பதிவுக்கு வழிசெய்தபோதிலும், அது இன்னும் எல்லா ஊர்களையும் எட்டவில்லை. எழுதிய உறுதியைத் தாமதியாமல் பதியுங்கள். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால், மோசடியற்ற விடத்து, முந்திப் பதிந்தவரே முன்னிற்பார்.

இவையெல்லாம் நொத்தாரிசும் நில அளவையாளரும் செய்துதரக்கூடியவை. இறுதியான ஒன்றை மட்டும் நாமே செய்தல் வேண்டும். ஒரு மாலைப் பொழுது அயல் வீட்டுப் படலையைத் திறந்து சென்று, திண்ணையில் அமர்ந்து, ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். கிணறு யாருடையது, வெள்ளம் எவ்வழி போகும், வேலியை யார் அடைத்தார் என்பதெல்லாம் கேளாமலே தெரியவரும். வாங்குபவர் மட்டுமன்றி விற்பவரும் இதனைச் செய்தல் தகும். நாம் அதைச் செய்யாமல் கையொப்பமிட்டிருந்தால், நமக்காக முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய ஒரு மூதாட்டியின் வாசலில் வெள்ளத்தை நிறுத்தியிருப்போம்.

தைப்பொங்கலுக்கு ஆச்சி வீட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கின்றது. பொங்கற் பானைக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான். பாதி நம்முடையது என்று நம் இல்லத்தரசி இப்போதே பெருமை பேசத் தொடங்கிவிட்டார்.